மூன்றில் இரண்டுக்கு எத்தனை அங்குலம்?

உங்களில் எத்தனை பேருக்குக் கால்குலேட்டரைத் தொடாமல் மூன்றில் இரண்டுக்கு வர்க்கமூலம் எடுக்க வரும்? கையைத் தூக்க வேண்டாம், உங்கள் முழியே சொல்கிறது. ஒன்பதில் நாலு என்று கேட்டிருந்தால் மூன்றில் இரண்டு என்று பட்டென்று சொல்லியிருப்பீர்கள். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் முழு வர்க்கமாக அமைந்துவிட்டால் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் இன்ஜினியர்களாக நீங்கள் வேலை பார்க்கப் போகிற ஊர்களில் எதுவும் முழு வர்க்கமாக வந்து நிற்பதில்லை. நான் ஓவர்சியராக இருந்த காலமெல்லாம் எனக்கு வந்த பின்னங்கள் அத்தனையும் அரைகுறைதான்.

அந்த மூன்றில் இரண்டு எனக்கு வில்பட்டிப் பக்கத்து மலைச்சரிவில் கிடைத்தது. ஊராட்சி ஒன்றியங்கள் புதிதாக வந்திருந்த காலம். கொடைக்கானல் மலையில் ரோடு, பாலம், தொட்டி என்று எது கட்டினாலும் அளவெடுக்க நான்தான் போக வேண்டும். ஓர் ஓடை, அதன் தண்ணீரை நம்பி இரண்டு பங்கு நிலம். பாதைக்கு மேலே இருந்தது மேலக்காடு, கீழே இருந்தது கீழக்காடு. படிப்படியாகச் செதுக்கிய நிலத்தில் இரண்டு பக்கமும் பூண்டு போட்டிருந்தார்கள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடை மூன்று நாள் மேலக்காட்டுக்குப் பாயும், அடுத்த இரண்டு நாள் கீழக்காட்டுக்குப் பாயும். நிலத்தின் அளவும் அந்தக் கணக்குத்தான். யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஒரே தொந்தரவு, முறை மாறுகிற அன்றைக்கு மடையை யார் எப்போது திருப்புவது என்று வாய்ச்சண்டை வரும். அதைத் தீர்க்கத்தான் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். ஓடை தொட்டிக்குள் விழும். தொட்டியின் முன்பக்கம் ஓர் இரும்புத் தகடு, அதில் ஒரே மட்டத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்றிலிருந்து மேலக்காட்டுக்கும் மற்றொன்றிலிருந்து கீழக்காட்டுக்கும் எந்நேரமும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மடை திருப்புகிற வேலையே கிடையாது.

ஓட்டைகளின் அளவை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். மூன்று நாளுக்கு இரண்டு நாள் என்றால் ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம். எல்லாரும் தலையாட்டினார்கள். கீழக்காட்டுக்காரர்களும்தான் ஆட்டினார்கள். நான் அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வருமுன்பே தகடு மாட்டியாகிவிட்டது.

நான் முதல் தடவை தொட்டியைப் பார்க்கப் போனது மாசி மாதம். பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. பூண்டு பல் பிடிக்கிற நேரம், அப்போது தண்ணீர் தப்பினால் நெல்லிக்காய் அளவில் நின்றுவிடும். தொட்டிக்குக் கீழே சரிவில் ஒரு பெண் இரண்டு குடங்களை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கீழே பள்ளத்திலிருந்து ஊற்றுத் தண்ணீரைப் பூண்டுக்கு ஊற்றச் சுமந்து வந்திருக்கிறாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும் இடத்தில் இவள் ஏன் பள்ளத்திலிருந்து சுமக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, கேட்டேன்.

அவள் பெயர் பேச்சியம்மாள். கீழக்காட்டின் கடைசிப் படிகள் அவளுடையவை. தண்ணீர் அதுவரை வந்து சேரவில்லை என்றாள். தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டால் பங்குத் தண்ணீரைத் திருடியதாகப் பேச்சு வருமாம். ஊரில் அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஓட்டை கண்முன்னால் இருக்கிறது, அளவு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு, பிறகு எப்படிக் குறையும் என்று கேட்டார்கள். வாய்க்காலைக் கவனிக்காமல் உடையவிட்டுவிட்டு வீண்பழி போடுகிறாள் என்றும் சொன்னார்கள். அவள் புருஷன் கருப்பையாவே அப்படித்தான் சொன்னான். அவன் கொடைக்கானல் டவுனில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தான், சனிக்கிழமை வந்து திங்கள் வெள்ளனே போய்விடுவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வாரத்துக்கு வாரம் பூண்டின் நுனி கருகிக்கொண்டே வருவது மட்டும்தான். இந்த வெள்ளாமையோடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் அண்ணனிடம் போய்விடலாம், தென்னந்தோப்பில் கூலிவேலை கிடைக்கும் என்று முடிவே எடுத்துவிட்டான்.

“பழைய முறையில ரெண்டு நாளு தண்ணி விட்டா எங் கடைசிப் படி நனைஞ்சு கெடக்கும்ங்க. இப்ப நாளெல்லாம் தண்ணி வருது, ஆனா மூணாம் படியத் தாண்டல. நான் பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது?” என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஓர் ஆள் வந்து குறைகிறது என்று சொன்னால், உங்களுடைய காகிதம் குறையவில்லை என்று சொல்லும். காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால் உங்கள் மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதையும் மீறி ஓர் அரிப்பு இருந்தது. இவள் சொல்வதும் உண்மை, தகடும் உண்மை என்றால் இடையில் எதுவோ பொய் சொல்கிறது, அது எது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

வாய்க்காலின் முழு நீளமும் நடந்து பார்த்தேன். எங்கும் உடைப்பில்லை. திரும்பி வந்து தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியது கொட்டுகிறது, சின்னது ஒழுகுகிறது. அடடா, நாளைக் கொண்டுபோய் அப்படியே அங்குலமாக்கிவிட்டார்களே என்று அப்போதுதான் உறைத்தது. நாள் என்பது ஒரு கோடு. மூன்று நாள் தண்ணீருக்கு இரண்டு நாள் தண்ணீர் என்றால் சரியான பங்கு. ஆனால் தண்ணீர் ஓட்டையின் அகலத்தில் மட்டுமா போகிறது? பரப்பு முழுவதிலும் போகிறது. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டால் ஒன்பது, இரண்டுக்கு இரண்டு போட்டால் நாலு. வட்டத்துக்கும் அதே விகிதம்தான். மூன்றுக்கு இரண்டு என்று நினைத்துக்கொண்டு ஒன்பதுக்கு நாலு என்று பிரித்திருக்கிறார்கள். ஐந்தில் இரண்டு பங்கு வர வேண்டிய கீழக்காட்டுக்குப் பதிமூன்றில் நாலு பங்கு வந்துகொண்டிருக்கிறது, அதாவது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தும் ஒருத்தியின் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது.

சரி, சின்ன ஓட்டை எவ்வளவு இருக்க வேண்டும்? பரப்பு மூன்றில் இரண்டாக இருக்க வேண்டுமானால் அகலம் மூன்றில் இரண்டின் வர்க்கமூலமாக இருக்க வேண்டும். மூலம் பார்க்க உதவும் லாக் அட்டவணைப் புத்தகம் ஆபீசில் இருந்தது. கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தொட்டியின் மேல்விளிம்பிலேயே போட ஆரம்பித்தேன்.

இரண்டுக்குத் தனியாக மூலம், மூன்றுக்குத் தனியாக மூலம் எடுத்து, பிறகு ஒன்றை ஒன்றால் வகுத்தால் தாவு தீர்ந்துவிடும். இரண்டுமே முடிவில்லாமல் ஓடுகிறவை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. மேலும் கீழும் மூன்றால் பெருக்கிவிட்டால் மூன்றில் இரண்டு ஒன்பதில் ஆறாகிறது. மதிப்பு மாறவில்லை, ஆனால் கீழே இருப்பது இப்போது முழு வர்க்கம், அதன் மூலம் மூன்று. இனி மேலே இருக்கிற ஆறுக்கு மட்டும் மூலம் கண்டால் போதும். அது இரண்டே முக்கால் அல்ல, இரண்டரையும் அல்ல, இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. அதை மூன்றால் வகுத்தால் முக்காலைத் தாண்டிக் கிட்டத்தட்ட எண்பத்திரண்டு சதம்.

எனக்கு ஒரே ஆச்சரியம். மூன்றில் இரண்டு அறுபத்தேழு சதம், அதன் மூலம் எண்பத்திரண்டு சதமா? மூலம் எடுத்தால் எண் சிறுக்கும் என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? நூறுக்குப் பத்து, இருபத்தைந்துக்கு ஐந்து. ஆனால் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். நூறில் ஒன்றுக்கு மூலம் பத்தில் ஒன்று, அது பத்து மடங்கு பெரிது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையும் எழுதியதுதான், ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

இன்னொரு வழியிலும் போட்டுச் சரிபார்த்தேன். ஆறின் வர்க்கம் முப்பத்தாறு. அதில் மூன்றில் இரண்டு இருபத்து நாலு. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இருபத்து நாலு வரும்? ஐந்து என்றால் இருபத்தைந்து, ஒன்று கூடிவிடுகிறது. இருபத்து நாலை ஐந்தால் வகுத்தால் நாலு புள்ளி எட்டு. ஐந்துக்கும் அதற்கும் நடுவே நாலு புள்ளி ஒன்பது. பெருக்கிப் பார்த்தால் இருபத்து நாலைவிட நூறில் ஒன்றுதான் அதிகம். நாலு அங்குலமாக இருக்கிற ஓட்டை ஐந்துக்கு மிக அருகே வர வேண்டும்!

பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் சுப்பையாவைத் தேடிப் போனேன். மேலக்காட்டில் பெரிய பங்கு அவருடையது. கோபக்காரர், ஆனால் நேர்மையான மனிதர். தொட்டிக்கு அழைத்து வந்து கட்டம் போட்டுக் காட்டினேன். ஒன்பதுக்கு நாலு என்பதை ஒத்துக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். ஆனால் ஆறுக்கு ஐந்து என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். ஆறும் ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரியல்லவா இருக்கிறது, இதில் மூன்றுக்கு இரண்டு எங்கே என்று ஒருவர் கேட்டார். கூடுதலாகப் போகிற தண்ணீர் எங்கிருந்து வரும் என்று இன்னொருவர் கேட்டார்.

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஓடையில் தண்ணீர் கூடுகிறபோது சரியாகிவிடும் என்று சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்திலிருந்துதான் வரும், இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமலே கூடுதலாக வந்துகொண்டிருந்தது என்றேன். அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிரசிடெண்ட் கையமர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்.

“ஓவர்சியர் சார், உங்க கரிக்கோடு எனக்கு வெளங்கல. கண்ணு வேற சொல்லுது, நீங்க வேற சொல்றீங்க. நாங்க வெள்ளப்பூட்டக் கண்ணால பாத்து விக்கிறதில்ல, தராசுல போட்டுத்தேன் விக்கிறோம். தராசு சொன்னா நான் கேப்பேன்.”

அவர் என்னை மடக்குவதற்காகச் சொன்னது அது. தண்ணீரை எப்படித் தராசில் போடுவது என்ற நினைப்பு. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தண்ணீரை எதற்கு நிறுக்க வேண்டும், ஓட்டையை நிறுத்தால் போதுமே! ஒரே தகட்டில் வெட்டிய வட்டங்களுக்குப் பரப்பு எவ்வளவோ எடையும் அவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் களத்தில் தராசைத் தொங்கவிடுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

டவுனில் எங்களுக்கு வேலை செய்கிற கொல்லர் ஒருவர் இருந்தார். ரோடு வேலையில் கழித்துப் போட்ட தார் பீப்பாயைப் பிரித்து, ஒரே தகட்டிலிருந்து வட்டங்கள் வெட்டச் சொன்னேன். ஆறு அங்குலத்தில் இரண்டு, நாலு அங்குலத்தில் மூன்று, புது அளவில் மூன்று. புது அளவில்தான் தகராறு வந்தது. அவருடைய அளவுகோலில் அங்குலத்துக்கு எட்டுக் கோடுதான். நாலு புள்ளி ஒன்பது அதில் எந்தக் கோட்டிலும் விழவில்லை. நாலே முக்காலே அரைக்காலுக்கு, அதாவது ஐந்துக்கு ஒரு கோடு முந்திய இடத்துக்கு, நகக்கனம் மேலே நிற்கிறது. ஐந்து என்று வைத்துவிடலாமே, முழு எண்ணாக இருக்கும் என்றார் கொல்லர்.

கீழக்காட்டுப் பக்கம் என் மனம் சாய்ந்திருந்தது. இத்தனை நாள் குறைந்ததற்கு இதையாவது கொடுத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் இரும்பைத் தேய்த்து எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓட்டை சிறிதாக இருந்தால் பிறகு அரத்தால் ராவிக்கொள்ளலாம், பெரிதாகிவிட்டால் தகடே வீண். தவிர, ஐந்து வைத்தால் தராசு கீழக்காட்டுப் பக்கம் நன்றாகச் சாயும், அப்போது என் கணக்கையே யாரும் நம்ப மாட்டார்கள். நாலே முக்காலே அரைக்காலில் நிறுத்தச் சொன்னேன். தொட்டிக்கான புதுத் தகட்டையும் அதே அளவில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசிடெண்டின் களத்தில் ஊரே கூடியிருந்தது. பூண்டு நிறுக்கிற தராசு கட்டையில் தொங்கியது. கருப்பையாவும் வந்திருந்தான். பாதையோரம் ஒரு மூட்டை இருந்தது. பாய், பாத்திரம் எல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். அய்யம்பாளையத்துக்கு முதல் சுமை அன்றைக்கு இறங்குவதாக இருந்ததாம். பேச்சியம்மாள் அந்த மூட்டையைப் பார்க்காமல் திரும்பி நின்றாள்.

முதலில், தொட்டியிலிருந்து கழற்றி வந்த பழைய தகட்டிலும் புதுத் தகட்டிலும் வட்டங்களைப் பொருத்திக் காட்டினேன். ஆறு அங்குல வட்டமும் நாலு அங்குல வட்டமும் பழைய தகட்டின் ஓட்டைகளுக்குச் சரியாக உட்கார்ந்தன, புது வட்டம் புது ஓட்டைக்குப் பொருந்தியது. எல்லாம் ஒரே கனம்தானா என்று பிரசிடெண்ட் ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு சொன்னேன். மேலக்காட்டுக்கு மூன்று பங்கு, கீழக்காட்டுக்கு இரண்டு பங்கு. அது சரியென்றால் பெரிய வட்டம் இரண்டும் சின்ன வட்டம் மூன்றும் ஒரே எடை நிற்க வேண்டும். மூவிரண்டு ஆறு, இருமூன்று ஆறு. இது எல்லாருக்கும் விளங்கியது.

பழைய அளவை முதலில் போட்டோம். ஒரு தட்டில் ஆறு அங்குலம் இரண்டு, மறு தட்டில் நாலு அங்குலம் மூன்று. பெரிய வட்டத் தட்டு தடாலென்று இறங்கித் தரையைத் தொட்டது. சின்ன வட்டங்கள் மேலே போய் ஆடிக்கொண்டு நின்றன. பிரசிடெண்ட் தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார். மறுபடியும் அதே. அவர் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நான் அடுத்த வட்டங்களை எடுத்தேன்.

புது வட்டங்கள் மூன்றையும் போட்டோம். தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி அடங்கியது. கிட்டத்தட்ட சமம். ஆனால் முள்ளைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் பிரசிடெண்ட், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், “ஒரு பொட்டு இன்னமும் எங்க பக்கந்தேன் இறங்குது சார்.”

ஆமாம் என்றேன். இந்த எண்ணுக்கு முடிவே கிடையாது, புள்ளிக்குப் பிறகு எத்தனை தானம் போட்டாலும் மிச்சம் இருக்கும், எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும், நிறுத்துகிற இடத்தில் அந்த மிச்சம் யாராவது ஒருவர் பக்கம் விழும், இது உங்கள் பக்கம் விழுந்திருக்கிறது என்றேன். அவர் உள்ளே போய் ஓர் அரத்தைக் கொண்டுவந்து பேச்சியம்மாளுக்கு எதிரே நீட்டினார். எவ்வளவு ராவ வேண்டுமோ நீயே சொல்லு, ராவச் சொல்கிறேன் என்றார்.

அவள் அரத்தை வாங்கவில்லை.

“இந்தப் பொட்டுக்காண்டியா நான் அழுதேன்? அது உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க மாமா. ஆனா இருக்குன்னு தெரிஞ்சு இருக்கட்டும்.”

அன்றைக்கே தொட்டியில் புதுத் தகட்டை மாட்டினோம். பிரசிடெண்டே தொட்டிக்குள் இறங்கிப் போல்ட்டைப் பிடித்தார். கீழக்காட்டு வாய்க்காலில் தண்ணீர் முன்னே இருந்த அடையாளத்தைத் தாண்டி ஏறுவதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். பேச்சியம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே இறங்கிப் போனாள், படிக்குப் படி மடை வெட்டிக்கொண்டே. நானும் பின்னால் போனேன், கடைசிப் படி நனைகிறதா என்று பார்க்காமல் எனக்குக் கால் நகராது. நனைந்தது, வெயில் சாயும் முன்பே.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். இன்றைக்கு உங்கள் மிஷின் எட்டு தானம் வரைக்கும் காட்டும். எட்டையும் எழுதிக்கொண்டு வந்து நீட்டாதீர்கள். எத்தனை தானத்தில் நிறுத்தினீர்கள், ஏன் அங்கே நிறுத்தினீர்கள், மிச்சம் யார் பக்கம் போனது, இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருங்கள். ஊரில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் பஸ்ஸுக்காக மேலே ஏறி வந்தபோது கருப்பையா பாதையோரம் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் நாலு அங்குல வட்டம் ஒன்று இருந்தது, தராசிலிருந்து எப்போது எடுத்தானோ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் சேறு படிந்த காலோடு ஏறி வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

“ஏ பேச்சி, பள்ளத்துலருந்து அம்புட்டுக் குடமும் இதுக்குத்தேன் சொமந்தியா?”

“பின்ன, பழனிக்குப் பால்குடமா எடுத்தேன்?” என்றாள்.

அவன் வட்டத்தை மடியில் செருகிக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்து, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான்.